பிடித்ததும் கட்டியதும்: மந்தின் வட்டாரக் கிராணிமார்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மந்தின்,
நெகிரி செம்பிலான்.

மந்தின், பஜாம், லெங்கெங், நீலாய் வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்களிலும் குத்தகைக்காரர்களின் சிறிய அலுவலறைகளிலும் சம்பளக் கணக்கெழுதும் அன்பர்களே,

வருஷம் பிறந்து, புதிய செக்ரோலில், அதாவது ஆட்பெயர்ப் பதிவேட்டில், முதல் மாதத்துப் பெயர்களை எழுதத் தொடங்கியிருக்கும் இந்த வேளையில், கழிந்த வருஷத்துக் கணக்கு இன்னும் முற்றுப்பெறாமல் உங்கள் மேஜைமீதே இருக்கிறது என்பதை நினைவூட்ட இம்மடலை எழுதுகிறேன். பிப்ரவரி மாதத்தின் கடைசி நாளுக்குள் ஒவ்வோர் ஊழியரின் கையிலும் அவருடைய வருஷச் சம்பளத்தையும் வரிப் பிடித்தத்தையும் காட்டும் இஏ பாரம் சேர வேண்டும். மார்ச் 31ஆம் தேதிக்குள் முதலாளியின் வருடாந்தரக் கணக்கான இ பாரமும், ஊழியர் ஒவ்வொருவரின் ஊதியத்தையும் பிடித்தத்தையும் பெயர்வாரியாகக் காட்டும் சிபி 8டி பட்டியலும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தைச் சேர வேண்டும். 1967ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 83ஆம் பிரிவு விதிக்கும் இந்தக் கடமையையும் அதன் தேதிகளையும் நீங்கள் நன்கறிவீர்கள். நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. அந்தப் பாரங்களில் எழுதப்போகும் தொகையும், பன்னிரண்டு மாதங்களாக வாரியத்துக்கு மெய்யாகவே கட்டப்பட்ட பணமும், ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் பொருந்துகின்றனவா என்று, பாரத்தை அனுப்புவதற்கு முன்னரே, சொல்லப்போனால் இஏ பாரத்தை ஊழியரிடம் நீட்டுவதற்கு முன்னரே, சரிபார்த்துவிட வேண்டும்.

நானும் உங்களைப் போலவே தோட்ட அலுவலகத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். அலுவலகங்களின் வழக்கம் எனக்குத் தெரியும். வருஷ முடிவில் வரி கட்டிய பன்னிரண்டு ரசீதுகளையும் கூட்டிப் பார்க்கிறோம்; சம்பளப் பேரேட்டில் பிடித்தம் என்ற நிரலின் கூட்டுத்தொகையைப் பார்க்கிறோம்; இரண்டும் ஒன்றாயிருந்தால் மன நிம்மதியுடன் புத்தகத்தை மூடிவிடுகிறோம். கூட்டுத்தொகை ஒத்திருப்பதால் முதலாளியின் பொறுப்பு தீர்ந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் வாரியத்தின் ஏட்டில் தோட்டத்துக்கென்று ஒரே மொத்தப் பணமாக எதுவும் நிற்பதில்லை. மாதந்தோறும் நாம் அனுப்பும் சிபி 39 பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு வெள்ளியையும் அவரவர் வரி எண்ணின்கீழ் அவர்கள் வரவு வைக்கிறார்கள். ஆகவே மொத்தம் சரியாக இருந்தும் தனித்தனியே எல்லாம் பிசகியிருக்கக்கூடும். அப்படிப் பிசகினால் அதன் நஷ்டம் கூலிக்காரனையோ மண்டோரையோ சக கிராணியையோதான் சேருகிறது, அலுவலகத்தைச் சேருவதில்லை.

இந்தப் பணத்தின் இயல்பை ஒருகணம் சிந்தித்துப் பாருங்கள். நம் நாட்டில் வருமான வரி 1948ஆம் வருஷத்தில் அமலுக்கு வந்தது. நெடுங்காலம் வரையில், வரி விதிக்கப்பட்டவர் நோட்டீஸ் கிடைத்த பிறகு தாமே கட்டினார். 1994ஆம் வருஷத்து ஊதியப் பிடித்த விதிகள் செய்யப்பட்டு, 1995 ஜனவரி முதல் மாதாந்தரப் பிடித்த முறை ஏற்பட்ட பின்னர், வரியைக் கணக்கிடுவதும் பிடிப்பதும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டுவதும் முதலாளியின் கடமையாயின. அதாவது சம்பளம் கைக்கு வருமுன்னரே ஊழியரின் பணத்தில் ஒரு பாகத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணம் முதல் அது தோட்டத்தின் பணமன்று. ஊழியரின் பையிலும் இல்லை. இடையில் அதைக் காத்து உரிய இடத்தில் உரியவர் பெயரால் சேர்ப்பிக்கும் பொறுப்பு மாத்திரமே நம்முடையது. பிறர் பணத்தை வைத்திருப்பவனுக்குத் தன் பணத்தை வைத்திருப்பவனைக் காட்டிலும் பன்மடங்கு சிரத்தை வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தோட்டக் கிராணிக்கு இந்தக் கடமை புதியதுமன்று. தொழிலாளரின் உழைப்பை அடிப்படையாகக் கொண்டு முதலாளியிடம் ஒரு தொகையை வசூலிப்பதும், அதற்கெனக் குறித்த காலத்தில் கணக்கு அனுப்பச் செய்வதும் மலாயாவில் நூறு வருஷங்களுக்கும் முந்திய ஏற்பாடு. 1907ஆம் வருஷத்தில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று நிறுவப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை வரவழைக்கும் செலவைத் தோட்டங்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒவ்வொரு தோட்டமும் தன்னிடம் வேலை செய்த இந்தியத் தொழிலாளர் எத்தனை நாள் உழைத்தார்கள் என்று மூன்று மாதத்துக்கொரு முறை கணக்குக் காட்டி, அதற்கேற்ற பணத்தைக் கட்ட வேண்டியிருந்தது. பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டுக் குறித்த நாட்களும், காலாண்டுக் கணக்கில் எழுதிய நாட்களும், கட்டிய பணமும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். அந்த இசைவைக் காத்தது விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் எழுதிய நம் முன்னோடிகளின் பேனா. பின்னாளில் அந்த நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்னும் பெயரில் 1958ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ்த் தொடர்ந்து, 1999இல் கலைக்கப்பட்டது. நிதி மறைந்தது; செக்ரோலும் கணக்கும் பணமும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி மறையவில்லை.

இனி வழிமுறைக்கு வருகிறேன். ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள்; கணினியில் எழுதுபவர்களுக்குத் தாளின் அகலத்தைப் பற்றிய கவலையும் இல்லை. இடப்புறத்தில் கழிந்த வருஷத்தில் ஒரு நாளாயினும் சம்பளம் பெற்ற ஒவ்வொருவரின் பெயரையும், அடையாளக் கார்டு எண்ணையும், வரி எண்ணையும் எழுதுங்கள். மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரையில் பன்னிரண்டு நிரல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டியது அந்த மாதத்துச் சிபி 39 பட்டியலில் அந்த ஆளின் பெயருக்கு நேரே உள்ள தொகை. சம்பளப் பேரேட்டிலிருந்து அதை எடுத்து எழுதாதீர்கள் என்று மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பேரேடு நாம் பிடித்ததைச் சொல்லும். சிபி 39 நாம் கட்டியதைச் சொல்லும். இஏ பாரம் பெரும்பாலும் பேரேட்டிலிருந்து தானாகவே அச்சாகிவிடுவதால், பேரேட்டைக் கொண்டே பேரேட்டைச் சரிபார்ப்பவன் ஒருநாளும் பிழையைக் காணமாட்டான். கட்டங்களை நிரப்பிய பிறகு கீழ்நோக்கிக் கூட்டினால், ஒவ்வொரு மாதத்துத் தொகையும் அந்த மாதத்து ரசீதோடு காசு பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். குறுக்கே கூட்டினால், ஒவ்வோர் ஆளின் தொகையும் அவருடைய இஏ பாரத்தோடும் சிபி 8டி பட்டியலோடும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு திசையிலும் ஒத்துவந்த பின்பே கணக்கு முடிந்தது என்று சொல்லலாம்.

குறுக்குக் கூட்டலின் அவசியத்தை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒரே தோட்டத்தில் முனியாண்டி என்ற பெயருள்ள இருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் பெயரால் மட்டுமே வேறுபட்டவர்கள். இருவருக்கும் மாதம் 60 வெள்ளி பிடிக்கப்படுகிறது. ஏப்ரல் மாதத்தில் கணினி மாற்றப்பட்டபோது முதலாமவரின் வரி எண்ணும் இரண்டாமவரின் வரி எண்ணும் ஒன்றாகிவிட்டன. அன்று முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத்துப் பணம், 540 வெள்ளி, இரண்டாமவரின் கணக்கில் வரவாயிற்று. மாதாந்தர மொத்தம் என்றும் மாறவில்லை; ரசீதுகள் அனைத்தும் சரி. வருஷ முடிவில் தோட்டம் கொடுத்த இஏ பாரம் முதலாமவருக்கு 720 வெள்ளி பிடித்ததாகக் கூறுகிறது. வாரியத்தின் ஏடோ 180 வெள்ளி என்கிறது. அவர் வரிக் கணக்கு அனுப்பினால் 540 வெள்ளி பாக்கி என்று கடிதம் வரும். அவர் அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு நம்முடைய ஜன்னலருகே வந்து நிற்கும்போது, என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஏப்ரல் மாதத்தில் ஐந்து நிமிஷத்தில் திருத்தியிருக்க வேண்டிய ஒன்று, அடுத்த வருஷத்தில் சிரம்பான் கிளைக்குப் பல நடைகளாக விரிகிறது. நாள் கூலியை இழந்து அந்த நடைகளை நடப்பவர் முனியாண்டியேயன்றி நாமல்லர்.

இத்தகைய பிழைகளுள் மிகச் சாதாரணமானது வருஷத்தின் இரு ஓரங்களிலும் நிகழ்வது. வங்கிப் புத்தகத்தை எடுத்து, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையில் வாரியத்துக்குச் சென்ற பணத்தைக் கூட்டுவோர் பலர். அப்படிக் கூட்டினால், சென்ற ஜனவரி 15க்குள் கட்டிய முந்திய டிசம்பர் மாதத்துப் பிடித்தம் உள்ளே வந்துவிடும். இந்த டிசம்பர் மாதத்துப் பிடித்தம், புது வருஷத்தில் கட்டப்படுவதால், வெளியே போய்விடும். இரண்டு டிசம்பரும் சமமாயிருந்தால் மொத்தம் தற்செயலாகப் பொருந்தி நம்மை ஏமாற்றவும் கூடும். பணம் கட்டிய தேதியைப் பார்க்காமல், சிபி 39இன் தலைப்பில் எந்த மாதத்துப் பிடித்தம் என்று குறித்திருக்கிறதோ அதையே பாருங்கள். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கலாம் என்று 1955ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டம் இடங்கொடுப்பதால், அடுத்த மாத முதல் வாரத்தில் சம்பளம் கொடுக்கும் தோட்டங்களில் இந்தக் குழப்பம் இன்னும் மிகுதி. ஊதிய நிரலும் பிடித்த நிரலும் ஒரே பன்னிரண்டு மாதங்களையே குறிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனஸைப் பொறுத்தமட்டில் விஷயம் தெளிவானது: 2016ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அது எந்த வருஷத்து உழைப்புக்காகக் கொடுக்கப்பட்டாலும், கைக்குக் கிடைத்த வருஷத்தின் வருமானமாகவே கொள்ளப்படுகிறது.

ஊழியர் சேமநிதியையும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவையும் வரிப் பிடித்தத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, மூன்றின் ஊதியத் தொகையும் ஒன்றாக இல்லையே என்று மனம் கலங்கும் இளங்கிராணிகளை அறிவேன். கலங்க வேண்டாம்; அவை ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலதிக நேர வேலைக்கான கூலி சேமநிதிக் கணக்கில் ஊதியமாகாது. சொக்சோவில் அது ஊதியமே. வருடாந்தர போனஸ் சேமநிதிக்கு உட்பட்டது, சொக்சோவுக்கு உட்பட்டதன்று. வருமான வரிக்கோ இரண்டும் உரியவை. ஆகவே செம்பனைப் பழம் வெட்டும் பருவத்தில் ஓவர்டைம் மிகுந்த மாதத்திலும், தீபாவளி போனஸ் கொடுத்த மாதத்திலும், மூன்று ஊதியத் தொகைகள் மூன்றாகவே நிற்கும். நியாயமான வித்தியாசம் எது, பிழையான வித்தியாசம் எது என்று பிரித்தறிவதுதான் ஒப்புநோக்குதலின் சாரம். அதற்கு ஒரு சிறு துண்டுத்தாள் போதும்: வரிக்கான ஊதியத்திலிருந்து ஓவர்டைமைக் கழித்தால் சேமநிதி ஊதியம் வருகிறதா, போனஸைக் கழித்தால் சொக்சோ ஊதியம் வருகிறதா, வராவிடில் பயணப்படி போன்ற வேறெந்தத் தொகை குறுக்கிடுகிறது என்று எழுதி, அந்தத் தாளைக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.

சேமநிதியில் இன்னொரு நுட்பம் உண்டு. 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறும் ஊழியருக்கு 11 சதவீதம், முதலாளிக்கு 13 சதவீதம் என்று வாயால் சொல்கிறோமே தவிர, கட்ட வேண்டியது சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலுள்ள தொகையேயாகும். 1,690 வெள்ளிச் சம்பளத்துக்குச் சதவீதப்படி பெருக்கினால் 185 வெள்ளி 90 காசும் 219 வெள்ளி 70 காசும் வரும். அட்டவணையோ 1,700 வெள்ளிக்குரிய 187ஐயும் 221ஐயுமே காட்டும். பெருக்கிக் கண்ட தொகையைச் சம்பளச் சீட்டில் கழித்துவிட்டு, அட்டவணைத் தொகையைச் சேமநிதிக்குக் கட்டினால், மாதந்தோறும் ஒரு சிறு தொகை ஒட்டாமல் நிற்கும். வருஷ முடிவில் இஏ பாரத்தின் சேமநிதிக் கட்டமும் ஊழியரின் சேமநிதி அறிக்கையும் முரண்படும். வரிப் பிடித்தத்திலும் இத்தகைய சிறு விதிகள் இருக்கின்றன. கணக்கிட்ட தொகையை மேல்நோக்கி 5 காசுக்கு முழுமையாக்க வேண்டும். மாதப் பிடித்தம் 10 வெள்ளிக்குக் குறைந்தால் பிடிக்க வேண்டியதில்லை. கணினி ஒருவாறும் கையெழுத்துப் பேரேடு வேறொருவாறும் இவ்விதிகளைக் கையாண்டால், யாரும் திருடாமலே கணக்கு ஓட்டையாகும்.

தோட்டங்களுக்கே உரிய ஒரு விஷயம் வீடு. ஊழியர் குடியிருக்கும் தோட்ட வீட்டுக்கு வாடகை வாங்காவிட்டாலும், அந்த வசதிக்கு ஒரு மதிப்புண்டு. தோட்டத்துக்குள் அமைந்த குடியிருப்பாயின் அது பொதுவாக ஊதியத்தில் 3 சதவீதமாக மதிக்கப்படுகிறது. பணமாகக் கைமாறாத இந்தத் தொகை இஏ பாரத்தில் தனிக் கட்டத்தில் ஏறும். வங்கிக்குச் சென்ற சம்பளத்தை மட்டும் கூட்டுகிறவர் இதைத் தவறவிடுவார். தொழிலாளிக்கு வரியே ஏற்படாத சம்பளமாயின் விளைவு பெரிதன்று. உத்தியோகஸ்தர்களுக்கும் மூத்த மேற்பார்வையாளர்களுக்கும் அது வேறுபாட்டை உண்டாக்கும்.

அடுத்து, வாரியம் தனிக்கடிதம் மூலம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் சிபி 38. முந்திய வருஷத்துப் பாக்கிக்காகப் பிடிக்கப்படும் அந்தப் பணத்தை நடப்பு வருஷத்துப் பிடித்தத்தோடு கலக்கவே கூடாது. சிபி 39இல் அதற்குத் தனி நிரல் இருக்கிறது. சிபி 8டியிலும் தனி நிரல் இருக்கிறது. நமது பெரிய தாளிலும் தனி வரிசை வேண்டும். காலந்தாழ்த்திக் கட்டியதற்காகத் தோட்டம் செலுத்திய அபராதமும் அவ்வாறே. அது முதலாளியின் செலவு. எந்த ஊழியரின் பெயரிலும் வரவாகாது. ரசீதுகளின் மொத்தத்தில் அதைச் சேர்த்துவிட்டு, ஒத்துவரச் செய்வதற்காக யாரோ ஒருவரின் பிடித்தத்தைக் கூட்டிக் காட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அவ்விதம் செய்யப்பட்ட கணக்கை நான் பார்த்திருக்கிறேன். அது எந்த அலுவலகம் என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் தோட்ட முதலாளிமார் சங்கமான மாப்பாவுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகி, சம்பள உயர்வு முன்தேதியிட்டு அமலாகும்போது, மாதக்கணக்கான பாக்கிச் சம்பளம் ஒரே மாதத்தில் கொடுக்கப்படுவதுண்டு. அந்த மாதத்தில் பிடித்தம் திடீரென்று உயரும். தொழிலாளி காரணம் கேட்பார். அவருக்கு விளக்கம் சொல்வதற்கும், வருஷ முடிவில் அந்த ஒரு மாதம் ஏன் மற்ற மாதங்களைப்போல் இல்லை என்று நாமே அறிவதற்கும், தாளின் ஓரத்தில் அன்றைக்கே எழுதிவைத்த ஒரு வரிக் குறிப்பு பேருதவி செய்யும்.

பணத்தைப் போலவே தலைகளையும் எண்ண வேண்டும். டிசம்பர் 31இல் எத்தனை ஊழியர், பிடித்தத்துக்கு உட்பட்டவர் எத்தனை பேர், புதிதாகச் சேர்ந்தோர், நின்றுபோனோர், நாட்டைவிட்டே சென்றோர் எத்தனை பேர் என்று இ பாரம் கேட்கிறது. சென்ற வருஷ முடிவில் இருந்தவர்களோடு சேர்ந்தவர்களைக் கூட்டி, போனவர்களைக் கழித்தால், இப்போது இருப்பவர்கள் வரவேண்டும். வராவிடில் யாரோ ஒருவர் சேர்ந்ததையோ விலகியதையோ நாம் வாரியத்துக்கு அறிவிக்காமல் விட்டிருக்கிறோம் என்பது பொருள். நடு வருஷத்தில் வேறு தோட்டத்திலிருந்து வந்தவர் முந்திய இடத்துச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் டிபி 3 பாரத்தில் காட்டுகிறார்; அதை நம் பிடித்தத்தைக் கணிக்க மாத்திரமே உபயோகிக்க வேண்டும், நம் இஏ பாரத்தில் நாம் கட்டியதாகச் சேர்க்கலாகாது. ஒரே கம்பெனியின் இரண்டு தோட்டங்களுக்கு இரண்டு முதலாளி எண்கள் இருந்தால், மாற்றலாகிச் சென்றவருக்கு இரண்டு இஏ பாரங்கள் உரியவை. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து உழைக்கும் சகோதரர்கள் விஷயத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 182 நாள் நிறையாதவர் பொதுவாக வரி நோக்கில் நாட்டில் வசிக்காதவராகக் கருதப்பட்டு 30 சதவீதம் பிடிக்கப்படுகிறார். வந்த நாளைத் தவறாக எழுதினால் அந்த எளிய மனிதரின் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சொக்சோவில் அவர்கள் 2019 ஜனவரியிலிருந்தும், சேமநிதியில் இரு தரப்பும் 2 சதவீத வீதத்தில் 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்தும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே இவ்வருஷம் அவர்களது பெயர்களுக்கு நேரே முன்பில்லாத கட்டங்கள் நிரம்பும்.

குத்தகைக்காரர்களான உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் நீலாய்ப் பக்கத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பிவரும் இக்காலத்தில், எஞ்சியிருக்கும் தோட்டங்களில் பழம் வெட்டுவதும் மருந்தடிப்பதும் பெரும்பாலும் உங்கள் ஆட்கள். தோட்டம் உங்களுக்குப் பணம் கொடுக்கிறது. நீங்கள் அவர்களுக்குக் கூலி கொடுக்கிறீர்கள். ஆகவே வரிச் சட்டத்தின் முன்னிலையில் முதலாளி நீங்களே ஆவீர்கள். முதலாளி எண்ணும், இ பாரமும், இஏ பாரமும் உங்களுடைய பொறுப்பு. "பெரிய ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள்" என்று நீங்களும், "குத்தகைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று பெரிய ஆபீஸும் இருந்துவிட்டால், நடுவில் நிற்கும் தொழிலாளிக்கு எந்த ஏட்டிலும் பெயர் இல்லாமற்போகிறது. சொக்சோ சட்டம் இதனை முன்கூட்டியே உணர்ந்து, குத்தகைக்காரர் மூலம் வேலை செய்பவருக்கும் பிரதான முதலாளியே பொறுப்பென்று விதித்திருக்கிறது. எனவே தோட்டக் கிராணிமார்களும் தங்கள் குத்தகைக்காரரின் மாதாந்தர ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவசியம். ஐந்து பேரை வைத்து வேலை வாங்கும் ஒருவருக்கு இந்தப் பாரங்கள் மலைப்பாகத் தோன்றலாம். ஐந்து பேருக்குரிய தாள் ஐந்து வரிகள் மட்டுமே கொண்டது; ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

மற்ற நாடுகளிலும் இந்த ஒப்புநோக்குதல் இல்லாமல் பிடித்த முறை நடைபெறவில்லை. அமெரிக்காவில் முதலாளிகள் அனுப்பும் காலாண்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகையை, வருஷ முடிவில் அவர்கள் அனுப்பும் சம்பள அறிக்கைகளின் கூட்டுத்தொகையோடு வரித்துறையும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் கடிதம் எழுதிக் கேட்கின்றன. இந்தியாவில் முதலாளி காலாண்டுதோறும் அனுப்பும் பிடித்தக் கணக்கு, ஊழியரின் பெயரில் 26ஏஎஸ் என்ற அறிக்கையாகத் தெரிகிறது. முதலாளி கொடுக்கும் 16ஆம் எண் பாரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டில் சாதாரணக் குமாஸ்தாவுக்கும் இருக்கிறது. நம் நாட்டிலும் ஊழியர் தம் வரிக் கணக்கை மைடேக்ஸ் தளத்தில் பார்க்க வழியுண்டு. அதைப் பார்க்கும்படி தோட்டத்துப் படித்த பிள்ளைகளை ஊக்குவியுங்கள். அவர்கள் தம் பெற்றோரின் கணக்கைப் பார்த்து நம்மிடம் கேள்வி கேட்பார்களாயின், அதனை அவமரியாதையாகக் கருதாமல் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

தண்டனையைப் பற்றிச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. எனினும் முதலாளிமார் அதை அறிந்திருக்க வேண்டும். இ பாரத்தையோ இஏ பாரத்தையோ கொடுக்கத் தவறினால், வருமான வரிச் சட்டத்தின் 120ஆம் பிரிவின்படி 200 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊழியரின் சம்பளத்தில் சேமநிதிப் பங்கைக் கழித்துக்கொண்டு கட்டாமல் விட்டவருக்குச் சேமநிதிச் சட்டம் ஆறு வருஷம் வரை சிறைத்தண்டனை வகுத்திருக்கிறது. சட்டமியற்றியவர்கள் கட்டாமையைக் காட்டிலும், பிடித்துக்கொண்டு கட்டாமையை எவ்வளவு கொடிதாகக் கருதினார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. இதனினும் முக்கியமானது வேறொன்று. 2014ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, சம்பளமன்றி வேறு வருமானமில்லாமல், வருஷம் முழுவதும் ஒரே முதலாளியிடம் வேலை செய்து, விதிப்படி பிடித்தம் செய்யப்பட்டவர், அந்தப் பிடித்தத்தையே இறுதி வரியாகக் கொண்டு தனியே கணக்கு அனுப்பாமல் இருந்துவிடலாம் என்று சட்டம் சலுகை தந்திருக்கிறது. அவர் நம்மை நம்பித் தம் கணக்கையே விட்டுவிடுகிறார். நம் கை பிசகினால், அதைக் கண்டுபிடிக்க அவரிடம் வேறொரு கணக்கு இல்லை.

பிழையைக் கண்டால் என்ன செய்வது? இஏ பாரத்தின் எண்ணை ரசீதுக்கு ஏற்பவோ, தாளின் எண்ணை இஏ பாரத்துக்கு ஏற்பவோ வளைக்க வேண்டாம். குறைவாகக் கட்டியிருந்தால் மீதியை உடனே கட்டிவிடுங்கள். வேறொருவர் எண்ணில் போயிருந்தால், ரசீதின் பிரதியையும் சரியான விவரங்களையும் இணைத்து வாரியத்தின் கிளைக்கு எழுதித் திருத்தக் கோருங்கள். அதன் பிரதியைச் சம்பந்தப்பட்ட ஊழியருக்கும் கொடுங்கள். ஏழு வருஷம் வரையில் இந்தக் காகிதங்கள் பத்திரமாயிருக்க வேண்டும். தோட்டம் கைமாறும்போதும் அலுவலகம் இடம் மாறும்போதும் முதலில் காணாமற்போவது சம்பளக் கோப்புகளே என்பதை நினைவில் வைத்து, அவற்றை எவரிடம் ஒப்படைத்தோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாளிமார்களே, மேலாளர்களே, உங்களுக்கும் ஒன்று. சம்பளம் போடும் வாரத்தில் கிராணியிடம் பால் எடையையும் ஸ்டோர்க் கணக்கையும் சேர்த்துக் கேட்டு, வருஷக் கணக்கை மார்ச் 30ஆம் தேதி இரவில் எழுதும்படி விடாதீர்கள். ஜனவரியில் அவருக்கு இரண்டு நாள் முழுமையாகக் கொடுங்கள். வேறு வேலை சொல்லாதீர்கள்.

கிராணி அன்பர்களே, அந்த இரண்டு நாளையும் கேட்டு வாங்குங்கள். ஜனவரி முடிவதற்குள் தாளை எழுதி, கீழும் குறுக்கும் கூட்டி, பிப்ரவரி முதல் வாரத்தில் ஒவ்வோர் ஊழியரையும் கூப்பிட்டு, அவருடைய பன்னிரண்டு மாதத்துத் தொகையை அவருக்குத் தெரிந்த பாஷையில் வாசித்துக் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு இஏ பாரத்தை அவர் கையில் கொடுங்கள். தாள் எழுதத் தெரியாத இளங்கிராணி எவரேனும் இருந்தால், மந்தினில் நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள், உடனிருந்து எழுதித் தருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்